நீங்க இந்தியன் பேசுவீங்களா?

2004இல் அமெரிக்காவில் ஒரு ஜாஸ் ஆல்பம் வந்தது. பெயர் 'மதர் டங்'. தாய்மொழி என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கிற துண்டுகளின் தலைப்புகளைப் பார்த்தால் யாரோ மொழியியல் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து ஒட்டினமாதிரி இருக்கும்: 'கன்னடா', 'குஜராத்தி', 'தெலுகு', 'கொங்கணி', 'தமிழ்', 'மலையாளம்'. ஆனா அதில் யாரும் பாடுவதில்லை. சாக்ஸபோன், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். நாலே வாத்தியம்.

அப்ப அது எப்படித் தமிழ் ஆச்சு?

ஆல்பத்தின் சொந்தக்காரர் ருத்ரேஷ் மகந்தப்பா. ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர், இசையமைப்பாளர். அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளி ஆட்களிடம் அவர் ஒரு கேள்வியைக் கொண்டுபோனார். "நீங்க இந்தியன் பேசுவீங்களா?" இன்னொரு மாதிரியும் அதைக் கேட்பார்கள்: "ஹிந்து பேசுவீங்களா?" இந்தியன் என்று ஒரு மொழி கிடையாது. ஹிந்து என்றும் கிடையாது. கேட்கிறவருக்கு அது தெரியாது. அந்தக் கேள்விக்கு அவரவர் தாய்மொழியில் பதில் சொல்லச் சொல்லி, அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு எங்கே ஏறுது, எங்கே இறங்குது, எந்த எழுத்தில் நிக்குது, எதில் ஓடுது என்பதை எல்லாம் ஸ்வரமாக எழுதினார். அந்த ஏற்ற இறக்கத்தில் இருந்துதான் இசையைக் கட்டினார்.

அதாவது, முட்டாள்தனமான ஒரு கேள்விக்குக் கோபப்படவும் இல்லை, பாடம் எடுக்கவும் இல்லை. அந்தக் கேள்விக்கு ஆட்கள் பதில் சொல்கிற குரல் இருக்குதே, அதை எடுத்து மெட்டாக்கிவிட்டார்.

எனக்கு ஜாஸ் அதிகம் தெரியாது. இந்த விஷயத்தைப் படித்த பிறகுதான் அந்த ஆல்பத்தைத் தேடிக் கேட்டேன். ஏன் தேடினேன் என்று சொல்லவேண்டும்.

என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கிறது. அம்மாவின் பத்திரத்திலும் அப்படித்தான். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வெள்ளைக்காரன் எங்களைத் தனியாகப் பிரித்து எழுதத் தொடங்கிய பெயர் அது. என் அம்மாயி 1946இல் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியபோது அவருக்கு ரெண்டு வயசு. இந்த நாட்டுப் பிரஜை என்று கடதாசி கைக்குக் கிடைத்தபோது நாற்பது தாண்டிவிட்டது. இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. டீவியில் சீரியலில் பார்த்திருக்கிறார்.

அம்மாயியின் அண்ணன் போனார். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கவேண்டும் என்று எழுதினார்களே, அந்தக் கணக்கில் ஒரு ஆளாக. நீலகிரிப் பக்கம் போய்க் குடியிருந்தார். அங்கே அவருக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'சிலோன்காரன்'. இங்கே இருந்த தங்கச்சி இந்தியாக்காரி, அங்கே போன அண்ணன் சிலோன்காரன். ஒரே லயத்தில் பிறந்த ரெண்டு பேர்.

கம்பஸ் வந்த பிறகு எனக்கும் என் பங்கு கிடைத்தது. முதல் வருஷம் ஒரு பட்ச்மேட், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், "உங்கட சொந்த இடம் இந்தியாவில எது?" என்று கேட்டாள். ரெண்டாம் வருஷம் ஒரு கலை நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கும்போது ஒரு சீனியர் வந்தார். "நீ தோட்டம்தானே, தப்பு அடிப்பாய்தானே?"

எங்கள் தோட்டத்தில் ஒரு பொம்பளப்பிள்ளை தப்பு அடித்து நான் பார்த்ததே இல்லை. தப்பை யார் அடிக்கவேண்டும், யார் அடிக்கக்கூடாது என்பதில் சாதி எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் விடிய முன்னம் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்புவதற்குத் தப்பைத்தான் அடித்தார்கள். காமன் கூத்துக்கு அதுதான், சாவுக்கும் அதுதான். தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி அடிக்கிற அந்தச் சத்தத்தைக் கேட்டால் எங்கள் வீட்டில் சிலருக்குக் கால் ஆடும். சிலருக்கு முகம் சுருங்கும், ஏனென்றால் அந்த வேலையைச் செய்யச்சொல்லி அவர்களின் தாத்தாவைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள். இது எல்லாவற்றையும் ஒரு 'தானே'யில் போட்டு முடித்துவிட்டார் அந்த சீனியர்.

மகந்தப்பாவிடமும் இந்தத் 'தானே' நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிறந்தது 1971இல், இத்தாலியின் ட்ரியஸ்தே நகரத்தில். வளர்ந்தது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் என்ற ஊரில். குடும்பம் கர்நாடகாவில் இருந்து போனது, அப்பா இயற்பியல் பேராசிரியர். பள்ளிக்கூடத்தில் சின்ன வயசிலேயே சாக்ஸபோனைக் கையில் எடுத்தவர் சார்லி பார்க்கரைக் கேட்டு மயங்கினார். அவர் கேட்டு வளர்ந்தது ஜாஸ். ஆனால் பெயரையும் தோலையும் பார்த்தவர்கள், உனக்கு இந்திய இசை நல்லாத் தெரியும்தானே என்றே நினைத்தார்கள். அந்த அனுமானத்தைப் பற்றி அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அவருக்கு ஒரு ஆல்பம் வாங்கிக் கொடுத்தார். பெயர் 'சாக்ஸபோன் இந்தியன் ஸ்டைல்'. பகிடிக்குத்தான் கொடுத்தார். நீ இந்தியன், சாக்ஸபோன் வாசிக்கிறாய், இந்தா உனக்கேற்ற சாமான் என்கிறமாதிரி. போட்டுக் கேட்டவருக்கு அது பகிடியாக இல்லை. வாசித்தவர் கத்ரி கோபால்நாத்.

கத்ரியை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் தெரியும். எங்கள் வீட்டில் சாக்ஸபோன் என்றால் பிரபுதான். 1994இல் வந்த 'டூயட்' படத்தில் பிரபு கையில் வைத்துக்கொண்டு நிற்பாரே, ரஹ்மான் இசையில் அந்த சாக்ஸபோனை உண்மையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். 1949இல் மங்களூர்ப் பக்கம் சஜிப்ப மூடா என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா தனியப்பா நாதஸ்வர வித்துவான். பிள்ளையும் நாதஸ்வரம்தான் வாசித்திருக்கவேண்டும். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் சத்தத்தைக் கேட்டவர் அதை எடுத்துக்கொண்டார்.

சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் என்பது எவ்வளவு பெரிய வம்பு என்று விளங்க வேண்டுமென்றால் நாதஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். விரலுக்குக் கீழே நேரே துளை. பாதி மூடலாம், வழுக்கலாம், ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகலாம். கமகம் அங்கேதான் பிறக்குது. சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவில் விசை இருக்கிறது. அமத்தினால் மூடும், விட்டால் திறக்கும். படிக்கட்டுமாதிரி, படி படியாகத்தான் ஏறலாம். பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் இதற்குக் காப்புரிமை எடுத்தபோது கமகம் அவர் கனவிலும் வந்திருக்காது. கத்ரி உதட்டாலும் மூச்சாலும் பாதி விசையாலும் அந்தப் படிகளைச் சறுக்குப் பாதையாக மாற்றினார். வாத்தியத்தின் விசைகளிலேயே கைவைத்துச் சில மாற்றங்களும் செய்துகொண்டார். சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் படித்தார். எல்லாம் சேர்ந்து வர வருஷக்கணக்கானது. 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ப்ராம்ஸ் விழாவில் வாசித்தார். 2004இல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் காலமானார்.

இப்ப கதைக்குத் திரும்புவோம். அந்தப் பகிடி ஆல்பம் மகந்தப்பாவின் கைக்கு வந்தது அவர் மாணவனாக இருந்தபோது. அவரும் கத்ரியும் சேர்ந்து வாசித்த 'கின்ஸ்மென்' ஆல்பம் வந்தது 2008இல். இடையில் பதினைந்து வருஷத்துக்கு மேல்.

எனக்கு இந்த இடைவெளிதான் முக்கியம். உனக்கு இந்திய இசை தெரியும்தானே என்று ஊரே சொன்ன நேரத்தில் ஒரு தம்புராவைப் பின்னால் ஓடவிட்டு, நாலு ராகத்தைத் தொட்டு, அட்டையில் ஒரு தாமரையைப் போட்டு ஆல்பம் வெளியிட்டிருக்கலாம். வித்திருக்கும். அவர் சிக்காகோவுக்குப் போய் மேல்படிப்புப் படித்தார், பிறகு நியூயோர்க் போனார். விஜய் ஐயரைச் சந்தித்தார். அவரும் 1971இல் பிறந்தவர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பியானோக்காரர். ரெண்டு பேரும் வருஷக்கணக்கில் சேர்ந்து வாசித்தார்கள். 'மதர் டங்' ஆல்பத்தில் பியானோ அவர்தான். அதற்குப் பிறகு 2006இல் 'கோட்புக்' வந்தது. அது இரகசியக் குறியீட்டுக் கணக்குகளை வைத்துச் செய்த இசை. இதெல்லாம் ஆன பிறகுதான் கத்ரியோடு ஆல்பம். தனக்குத் தெரியும் என்று மற்றவர்கள் நினைத்த ஒன்றை, தெரியாது என்ற இடத்தில் இருந்து ஆறுதலாகப் படித்திருக்கிறார்.

'கின்ஸ்மென்' என்றால் உறவுக்காரர்கள். அதில் கத்ரியோடு வயலினுக்கு ஏ. கன்யாகுமரி, மிருதங்கத்துக்கு பூவலூர் ஸ்ரீஜி. இந்தப் பக்கம் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ். ஜாஸ் என்பது கோர்ட் மாறி மாறிப் போகிற இசை. கர்நாடக சங்கீதத்தில் ஆதார சுருதி அசையவே அசையாது. ஒன்று நடந்துகொண்டே இருக்கும், மற்றது ஊன்றி நிற்கும். ரெண்டையும் ஒரே மேடையில் ஏற்றினால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்கவேண்டும். இதில் ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம்: ஆல்பத்தில் நாலு ஆலாபனைத் துண்டுகள் இருக்கின்றன. வாசிக்கிற ஆளின் பெயரே தலைப்பு. 'கத்ரி ஆலாப்', 'கன்யா ஆலாப்' சரி. மற்ற ரெண்டும் 'ரெஸ் ஆலாப்', 'கார்லோ ஆலாப்'. ரெஸ் அபாசி கராச்சியில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்த கிட்டார்காரர். கார்லோ டி ரோசா பேஸ் வாசிப்பவர். ஆலாபனை பிறப்பால் வருகிற சொத்து என்றால் கார்லோவுக்கு அதில் பங்கு இருக்காது. உட்கார்ந்து படித்தால் இருக்கும்.

அதற்குப் பிறகாவது 'இந்திய ஜாஸ்காரர்' என்ற பெட்டிக்குள் அடங்கினாரா என்றால் அதுவும் இல்லை. 2010இல் பங்கி கிரீன் என்ற மூத்த கறுப்பின சாக்ஸபோன் கலைஞரோடு 'ஏபெக்ஸ்'. 2015இல் 'பேர்ட் கால்ஸ்', அது முழுக்க முழுக்க சார்லி பார்க்கருக்கான மரியாதை. பார்க்கரை ஜாஸ் உலகம் 'பேர்ட்' என்றுதான் கூப்பிடும். 2016இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பிரிவுக்கு இயக்குநராகப் போனார். தான் யாரிடம் இருந்து பெற்றார் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை. ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைத்தனத்துக்குப் பிறகும் நசுக்கப்பட்ட காலத்தில் பிறப்பித்த இசை. பார்க்கர், கத்ரி ரெண்டு பேருக்கும் அவர் கடன்பட்டவர், ரெண்டு கடனையும் வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்.

இங்கே சிலர் என்னிடம் கேட்பீர்கள்: பேராசிரியர் வீட்டுப் பிள்ளையையும் தோட்டத்துப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கமுடியாது. 2007இல் அவருக்கு குக்கன்ஹைம் நிதி உதவி கிடைத்தது. எங்கள் ஆட்கள் 1000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு வருஷக்கணக்கில் ரோட்டில் நின்றார்கள். ஒரு நல்ல சாக்ஸபோன் வாங்குகிற காசில் எங்கள் லயத்தில் கூரைத் தகரம் முழுக்க மாற்றலாம். பதினைந்து வருஷம் ஆறுதலாகப் படிப்பதற்கு முதலில் பசியில்லாத வயிறு வேண்டும். அதனால் 'அவரைப்போல வா' என்று தன்னம்பிக்கைக் கட்டுரை எழுத எனக்கு விருப்பம் இல்லை.

ஆனா அவர் செய்த ஒரு வேலைக்குக் காசு வேண்டாம், ஒரு போன் போதும்.

போன லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அதைச் செய்து பார்த்தேன். பசறைக்கு பஸ் ஏறும் முன்னம் பதுளை வரைக்கும் ரயில். அந்த ரயில் பாதையே தேயிலையை இறக்க 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்ததுதான். தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டு வெளிக்கிட்டு, மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதே ஸ்டேஷனுக்குக் கீழே இருக்கிற சுரங்கத்துக்குள் நுழையும். காதில் 'மதர் டங்' ஓடிக்கொண்டிருந்தது. ஜாஸும் இப்படித்தான் என்று பட்டது. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை விட்டுத் தூரமாகப் போய் அந்த இடத்திலேயே புதுசாகக் கட்டுவார்கள், நம்ம மனோதர்மத்துக்குப் பக்கத்துச் சொந்தம் அது. கடைசியில் அதே மெட்டுக்கு வருவார்கள். ஸ்டேஷன் அதேதான், நாம நிக்கிற உயரம் வேற.

ராத்திரி சாப்பாட்டு நேரம் போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு அம்மாயியிடம் கேட்டேன். "அம்மாயி, நீங்க இந்தியாக்காரவங்களா?"

"எவன் கேட்டான்?" என்றார் முதலில். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நான் பொறந்தது ஏழாம் நம்பர் லயம். எங்கப்பா எந்த ஊருன்னு அவருக்கே சரியாத் தெரியாது. துறையூருன்னு சொல்வாங்க. எனக்கென்னத்துக்கு அது? நீ சோத்தத் தின்னுட்டுப் படு."

கம்பஸுக்குத் திரும்பி வந்ததும் கீபோர்ட் வாசிக்கிற ஒரு கூட்டாளியிடம் கொடுத்தேன். ஒரு பின்னேரம் முழுக்கக் கெண்டீன் மூலையில் உட்கார்ந்து தேடினோம். இருபது செக்கன் பேச்சுக்குள் இவ்வளவு இருக்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. 'எவன் கேட்டான்' மேலே தொடங்கித் தொப்பென்று விழுது. 'ஏழாம் நம்பர் லயம்' முழுக்க ஒரே ஸ்வரம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சட்டம் படித்துக் காட்டுறமாதிரி. 'துறையூருன்னு சொல்வாங்க' என்பதில் அந்த 'றை' இழுபட்டு வழுக்கிக்கொண்டே கீழே போகுது. கீபோர்டில் அதைப் பிடிக்கவே முடியவில்லை, ரெண்டு கட்டைக்கு நடுவில் எங்கேயோ இருக்குது. கத்ரி சாக்ஸபோனோடு மல்லுக்கட்டிய இடம் இதுதான் என்று அப்பதான் எனக்கு உறைச்சது.

அம்மாயி சொன்ன சொற்களில் துறையூர் மேல் எந்த ஏக்கமும் இல்லை. எனக்கென்னத்துக்கு என்றுதான் சொன்னார். ஆனா அந்த 'றை'யில் என்னவோ இருக்குது. சொல்லில் இல்லாத ஒன்று சுருதியில் இருக்குது. இந்தியத் தமிழரா, இலங்கைத் தமிழரா, மலையகத் தமிழரா என்று படிவத்தில் ஒரு கோட்டுக்குள் எழுதச் சொல்கிறார்கள். நான் மலையகத் தமிழர் என்றுதான் சொல்வேன், அதில் எனக்கு ரெண்டு பேச்சில்லை. ஆனாலும் அம்மாயியின் அந்த இருபது செக்கன் எந்தக் கோட்டுக்குள்ளும் அடங்காது. மகந்தப்பா ஏன் பதிலை எழுத்தில் எடுக்காமல் சத்தத்தில் எடுத்தார் என்பது எனக்கு விளங்கின இடம் அது.

தப்பு விஷயமும் அப்படியே பாக்கி இருக்குது. எங்கள் தோட்டத்தில் என் வயசுப் பையன்கள் சிலர் அதை விட்டுவிட்டார்கள், சாவு வீட்டில் கைகட்டி நிற்கமுடியாது என்று. அது நியாயம். வேறு சிலர் விரும்பிக் கையில் எடுக்கிறார்கள், மேடைக்கு ஏற்றுகிறார்கள். அதுவும் நியாயம். ரெண்டையும் அவர்களே முடிவெடுக்கவேண்டும். நான் படிப்பேனா என்று என்னிடம் கேட்டால், படிக்கலாம். நாலைஞ்சு வருஷம் எடுக்கும், சொல்லித்தரச் சம்மதிக்கிற ஒரு அண்ணன் வேண்டும், அவருடைய கதையை முதலில் கேட்கவேண்டும். அடுத்த கலை நிகழ்ச்சிக்குள் முடியாது.

கேட்க நினைப்பவர்களுக்கு: 'மதர் டங்' ஆல்பத்தில் நேரே 'தமிழ்' துண்டுக்குப் போகாதீர்கள். முதலில் 'கன்னடா' கேளுங்கள், அவருடைய வீட்டு மொழி. பிறகு 'தமிழ்'. அதற்குப் பிறகு 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் 'கல்யாணி'. முதல் தடவை தலை சுத்தும். மூணாம் தடவை யாரோ பக்கத்து அறையில் சண்டை பிடிக்கிறமாதிரி, கொஞ்சுறமாதிரி, கதை சொல்றமாதிரிக் கேட்கத் தொடங்கும்.

உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்வி ஒன்று இருக்கும். அதை வீட்டில் இருக்கிற மூத்தவரிடம் கேட்டு, பதிலைப் போனில் பிடித்து வையுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, திட்டிலும் மெட்டு இருக்குது. அம்மாயிக்கு இப்ப மூச்சு வாங்குது, ஒரு வசனத்தை முடிக்க முன்னம் ரெண்டு தடவை நிக்கிறார். இசையமைக்கிறவர் எப்பவாவது வரட்டும்.